மூன்றாம் மழைக்குத் திறந்த மடை

தனக்கொடி. விதவை. வயது ஐம்பது அளவில். தொழில் ஏதும் இல்லை. இடுப்பிலும் வலது காலிலும் ஏற்பட்ட முறிவினால் நிரந்தரமாகப் படுக்கையில் இருப்பவள். பிறர் தூக்கிவிடாமல் எழுந்து நிற்க இயலாது. அமைதியான சுபாவம் உடையவள்.

1933ஆம் ஆண்டு, ஏழைகளுக்கு அரிசி கொடுப்பதற்காகப் பிரெஞ்சு நகராட்சியான கொம்யூனில் தயாரித்த பட்டியலில் அவளைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதியிருந்ததன் தமிழ் இது. பெயர் சரி. விதவை என்பதும் சரி. வயது உத்தேசம். மீதியில் முறிவு மட்டும் சில மாதங்களுக்கு உண்மையாக இருந்தது. பிறகு கால் கூடிவிட்டது, பட்டியலில் கூடவில்லை. அமைதியான சுபாவம் என்று எழுதிய குமாஸ்தா அவளை நேரில் பார்த்ததில்லை என்பதை அந்த ஊரில் யாரும் சத்தியம் செய்து சொல்லத் தேவையில்லை. அவள் பேச ஆரம்பித்தால் ஒதியம்பட்டுக்குப் போகும் வண்டிப் பாதை வரைக்கும் கேட்கும்.

ஊர் மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். மட்டம் பார்க்க எந்த அதிகாரியும் வரவில்லை. சரிவு முதலிலேயே இருந்தது, மனிதர்கள் பின்னால் வந்து அதன்மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். மழை பெய்தால் மேலத்தெருத் தண்ணீர் கீழத்தெருவுக்கு வரும். இரண்டும் சேர்ந்து ஒரு வாய்க்காலில் இறங்கி, கிழக்கே இருக்கும் குளத்துக்குள் ஒரு மடை வழியாகப் போகும். அந்தக் குளம்தான் ஊரின் குடிதண்ணீர். கிணறுகள் இருந்தன. ஆனால் அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, சோறு மஞ்சளாகும், குடித்தவனுக்குத் தாகமும் தீராது. ஆகவே குளத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. மீறினவனுக்கு அபராதம். காவலும் கடுமை. கரையில் ஒருவன் கை கழுவினால் ஊரே கூடிவிடும். ஊர் முழுவதையும் கழுவிக்கொண்டு வாய்க்கால் வழியாக வருகிற தண்ணீரை மட்டும் யாரும் கேள்வி கேட்டதில்லை. அது மழை, வானத்திலிருந்து வருகிறது.

உண்மையில் அது எங்கெங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வாய்க்கால் ஓரமாக நடந்தால் போதும். மேட்டில் முதலாவதாக நாட்டாமை சிங்காரவேலுவின் வீடு. பின்னால் மாட்டுக்கொட்டகை, கரும்பு ஏற்றும் வண்டி மாடுகளும் உழவு மாடுகளுமாக நிறைய. கொட்டகையை ஒட்டி எருக்குழி. எருக்குழியை ஒட்டி வாய்க்கால். அடுத்து, நூலுக்குச் சாயம் தோய்க்கும் இரண்டு வீடுகள். அதற்கப்புறம் கடைத்தெரு, அதன் அழுகல் காய், மீன் கழுவிய இடம், நாய்கள். மாசி முதல் ஆடி வரை இவை அனைத்தும் காய்ந்து, பொடியாகி, படிந்து, மழைக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

இனி வழக்கத்தைச் சொல்லவேண்டும். கோடை கழிந்து முதன்முதலாக மடையில் தண்ணீர் வரும்போது அதற்கு வரவேற்பு உண்டு. புதுத் தண்ணி வாங்குவது என்பார்கள். மேளம் அடிக்க, நாட்டாமை மடையில் நின்று மஞ்சளும் பூவும் போட்டுக் கற்பூரம் காட்டுவார். பிறகு நுரையோடு வரும் அந்தத் தண்ணீரில் ஒரு கை அள்ளி ஊர் முன்னால் குடிப்பார். அவர் குடித்தபிறகுதான் பெண்கள் குடம் நனைப்பார்கள். ஆறு மாதக் கழிவைத் திரட்டிக்கொண்டு வரும் தண்ணீருக்குத்தான் இந்த மரியாதை. மூன்று மாதம் கழித்து, ஐப்பசி அடைமழையில் பளிங்கு போலத் தண்ணீர் வரும்போது எட்டிப் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

தனக்கொடியின் தொழிலைப் பட்டியல் விட்டுவிட்டது. அவள் வறட்டி தட்டி விற்றாள். விடிந்ததும் கூடையோடு தெருத் தெருவாகப் போய்ச் சாணி அள்ளுவாள். குளத்துக்குத் தெற்கே உள்ள பாழ்ச்சுவரில் தட்டுவாள். காய்ந்ததை வில்லியனூர்ச் சந்தைக்குத் தூக்கிப்போவாள். சாணியோடு அவளுக்கு விரோதம் ஏதும் இல்லை. அது எங்கே இருக்கவேண்டும் என்பதில்தான் அவளுக்கு அபிப்பிராயம் இருந்தது.

விரோதம் சிங்காரவேலுவோடு. அவர் கொட்டகையைத் தினமும் கூட்டித் தருகிறேன், சாணியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருமுறை கேட்டாள். தன் எரு தன் கரும்புக்கு வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார். அது நியாயமான பதில்தான். ஆனால் மறுத்த விதத்தில் சிரிப்பு இருந்தது. அன்றிலிருந்து அந்த எருக்குழியைக் கடக்கும்போதெல்லாம் அவள் கண்ணில் பட்டது ஒன்றே: குழி நிரம்பி வாய்க்காலுக்குள் வழிகிறது, வாய்க்கால் குளத்துக்குப் போகிறது, குளத்துத் தண்ணீர் தன் குடத்துக்கு வருகிறது. எனக்கு அள்ளிக்கொள்ள இல்லாததை எனக்குக் குடிக்கக் கொடுக்கிறானா என்று கேட்டாள். கிருமி என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவளுடைய சுகாதார அறிவு முழுவதும் இந்தச் சண்டையிலிருந்து பிறந்தது. தவறான வழியில் போய்ச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தவர்களை நாம் அதிகம் பாராட்டுவதில்லை. பாராட்டவேண்டும்.

பட்டியலுக்குப் பல ஆண்டுகள் முன்னால், அவர் மறுத்த அதே ஆண்டு, ஆடியில் முதல் மழை விழுந்தபோது, அவள் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மடைக்குப் போனாள். ஒரு பலகையை மடை வாயில் சொருகி, வைக்கோலும் களிமண்ணும் வைத்து, கரையோடு கரையாகத் தெரியும்படி அடைத்தாள். எதிர்க்கரையை மண்வெட்டியால் கொஞ்சம் வெட்டிவிட்டாள். தண்ணீர் குளத்துக்குப் போகாமல் பக்கத்துக் கொல்லைக்குப் பாய்ந்தது. மழை விட்டபிறகு கற்பூரத் தட்டோடு வந்த ஊரார் மடை உலர்ந்திருப்பதைப் பார்த்து, பூமி தாகமாக இருக்கிறது, குடித்துவிட்டது என்று சொல்லித் திரும்பிப் போனார்கள். இரண்டாம் மழைக்கும் அப்படியே. மூன்றாம் மழைக்கு அவள் பலகையை எடுத்தாள். மேளம் அடித்தது.

அதன்பிறகு வருஷா வருஷம் இதே கதை. அந்த ஊர் மண் இரண்டு மழையைக் குடித்துவிட்டுத்தான் மூன்றாவதை விடும் என்று மக்கள் நம்ப ஆரம்பித்தார்கள். மதகடிப்பட்டு வரைக்கும் போய் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். ஏன் இரண்டு என்பதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. பக்கத்து வீட்டு ராமாயியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்:

"மொதல் மழ தெருவக் கழுவுது. ரெண்டாவது வாய்க்காலக் கழுவுது. ஊரு மொதல்ல குளிச்சி முடிக்கட்டும்டி. குளிச்ச தண்ணிய எவனாவது குடிப்பானா?"

இதில் அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. எதிர்க்கரையில் இருந்த கொல்லை சிங்காரவேலுவுடையது. அவள் திருப்பிவிட்ட தண்ணீர் ஊர்ச் சத்து முழுவதையும் கொண்டுபோய் அவருடைய கரும்பில் சேர்த்தது. அந்த வட்டாரத்திலேயே அவர் கரும்புதான் தடிமன். எதிரியின் வயலுக்கு உரம் போட்டுக்கொடுத்தவளுக்கு ஒவ்வொரு தையிலும் வயிறு எரிந்தது. தண்ணீரைத் திருப்ப வேறு பக்கம் கிடையாது. எரிந்த வயிற்றோடு அடுத்த ஆடியிலும் அடைத்தாள்.

1933 வைகாசியில், மழைக்கு முன்னால் மடை வாயில் சேறு எடுக்கப் போனவள் பாசி பிடித்த கல்லில் சறுக்கி விழுந்தாள். வலது காலும் இடுப்பும் போயின. புத்தூர்க்கட்டு போட்டுப் படுக்கவைத்தார்கள். அப்போது அவளுக்காகக் கொம்யூனுக்கு நடந்துபோய்ப் பேசி, பட்டியலில் பெயரைச் சேர்த்து, வாரம் ஒருமுறை தலையாரி பச்சையப்பன் அவள் வீட்டுக்கே அரிசி கொண்டுவந்து கொடுக்கும்படி ஏற்பாடு செய்தவர் வேறு யாருமல்ல, சிங்காரவேலு. அவர் கெட்ட மனிதர் இல்லை. விழுந்து கிடக்கிறவர்களிடம் அவருக்கு மிகவும் இரக்கம் உண்டு. அதுவரை ஏய், இந்தா என்று கூப்பிட்டவர் அன்றுமுதல் அக்கா என்றார்.

அந்த ஆடியில் மடையை அடைக்க ஆள் இல்லை. முதல் மழையிலேயே தண்ணீர் குதித்துக்கொண்டு குளத்துக்குள் போனது. சாணி அள்ளுகிறவளும் படுக்கையில் இருந்ததால் தெருக்களில் இருந்ததெல்லாம் சேர்ந்தே போனது. ஊருக்குப் பேரானந்தம், தாகம் தீர்ந்த பூமி முதல் மழையையே கொடுத்துவிட்டது. சிங்காரவேலு அன்று வண்டி மாடு வாங்க மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். தண்ணீர் காத்திருக்காது என்பதால் அவருக்குப் பதிலாக ராமாயியின் புருஷன் நடேசனை நிறுத்திக் குடிக்கவைத்தார்கள். நடேசனுக்கு அது பெரிய கௌரவம். படுக்கையிலிருந்து தனக்கொடி போட்ட கூச்சலை மேளச் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை.

அந்த மாதமே வாந்திபேதி வந்தது. முதலில் நடேசன். அப்புறம் கீழத்தெருவில் வீட்டுக்கு வீடு. அடக்கம் செய்யப் போனவர்களுக்கே பிறகு அடக்கம் நடந்தது.

அரிசிக்குப் பயந்து வாய் மூடுகிறவள் அல்ல தனக்கொடி. இத்தனை வருஷமாக மடையை அடைத்தது நான்தான், அடைக்காததால்தான் இது வந்தது என்று படுத்தபடியே ஊருக்குச் சொன்னாள். ஊர் கூடி யோசித்தது. யோசித்து இரண்டு முடிவுகளுக்கு வந்தது. முதலாவது, புதுத் தண்ணீரை இத்தனை வருஷம் ஒரு பொம்பளை தடுத்துவைத்ததில் எல்லையம்மனுக்குக் கோபம். இரண்டாவது, நாட்டாமை குடிக்கவேண்டிய தண்ணீரை வேறொருவன் குடித்ததில் அதைவிடக் கோபம். ஆகவே வருகிற ஆண்டு முதல் மழையையே வாங்கவேண்டும், நாட்டாமையே குடிக்கவேண்டும். மடையில் யாரும் கை வைக்கக் கூடாது. சாவுக்குக் காரணம் என்னவோ, அதையே இன்னும் ஒழுங்காகச் செய்வது என்று தீர்மானமாயிற்று. இதைச் சிங்காரவேலு மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டார். நடேசன் சாவு தன் மேல் விழுந்த கடன் என்று அவர் நினைத்தார். தப்பிக்கப் பார்க்கவில்லை.

மார்கழியில் தனக்கொடி எழுந்து நடந்தாள். கொஞ்சம் சாய்ந்த நடை, ஆனால் வேகம் குறையவில்லை. மறுபடி சாணி அள்ளினாள். ஊருக்கு முன்னால் நடந்தாள், சர்க்காருக்கு முன்னால் படுத்தாள். இதில் ஊரே அவளுக்கு உடந்தை. அதிலும் முதல் ஆள் சிங்காரவேலு. எழுந்திருக்காதே அக்கா, அரிசி போயிடும் என்று பார்க்கும்போதெல்லாம் அக்கறையாகச் சொல்லுவார். அவள் படுத்திருக்கும் வரை மடைக்கு ஆபத்தில்லை என்பதும் அந்த அக்கறையில் சேர்த்தி. பட்டியலைச் சரிபார்க்க ஆள் வரக்கூடும் என்ற பேச்சு வந்ததிலிருந்து, மழை நாளில் வீட்டை விட்டு வராதே என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆள் வந்தது. 1934 ஆடிக் கடைசியில், போன ஆண்டு வாந்திபேதி வந்த ஊர்களைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து டாக்டர் சவரிநாதனை அனுப்பினார்கள். குளம், கிணறு, அப்படியே ஏழைகள் பட்டியலும். காக்கிக் கால்சட்டை, தொப்பி, சைக்கிள், கைப்பிடியில் குடை. வைத்தியப் பள்ளியில் படித்தவர். மெதுவாகப் பேசுகிறவர், எதையும் நிச்சயமாகச் சொல்லாதவர். தலையாரி பச்சையப்பன் முன்னால் ஓடி வந்து தனக்கொடியைப் படுக்கவைத்துவிட்டு, பின்னால் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தான்.

ராமாயி வாசற்படியில் நின்றாள். மேற்கே வானம் கறுத்து வந்தது.

டாக்டர் பாயருகே உட்கார்ந்து காலை அமுக்கிப் பார்த்தார். தனக்கொடி நன்றாக முனகினாள்.

"பட்டியல்ல வலது கால்னு இருக்குதும்மா," என்றார் டாக்டர். "நான் அமுக்கினது இடது கால்."

"வலி ஒரே எடத்துல குந்திக்கினு இருக்குமா ஐயா? அதுவும் எழுந்து நடக்கும்ல."

டாக்டர் சிரிக்கவில்லை, ஆனால் பேனாவை மூடி வைத்தார். எவ்வளவு காலமாகப் படுக்கை, யார் சோறு பொங்குகிறார்கள், உள்ளங்காலில் ஏன் இவ்வளவு புதுச் சேறு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சேறு ராமாயி தடவிய மருந்து என்று பதில் வந்தது. ராமாயி வாசலில் நின்றபடியே தலையாட்டினாள். அந்த வீட்டில் அரிசி வேறு வழியில் வராது என்பது ராமாயிக்குத் தெரியும். மழைக் காலத்தில் வறட்டி காயாது. படுத்துக்கினே இரு என்று காலையிலிருந்து அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழை விழுந்தது. முதலில் கூரையில் பொட்டுப் பொட்டாக, பிறகு ஒரே இரைச்சலாக. கொஞ்ச நேரத்தில் தெருவில் தண்ணீர் ஓடும் சத்தம். அதற்குப் பின்னால், கிழக்கே குளத்தங்கரையில், மேளம்.

ராமாயி மேளச் சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தனக்கொடி அவளைப் பார்த்தாள். டாக்டர் மடியில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். இன்னும் பார்க்க நேரம் ஆகுமா என்று டாக்டரைக் கேட்டாள். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், மழையும் விடட்டும் என்றார் அவர்.

"நீங்க குந்தி எழுதிக்கினு இருங்க ஐயா," என்று சொல்லி அவள் எழுந்து நின்றாள். "எனக்கு வேல இருக்குது."

மூலையில் இருந்த பலகையையும் கோணியையும் எடுத்துக்கொண்டு அவள் மழைக்குள் ஓடினாள். சாய்ந்து சாய்ந்து ஓடினாலும் டாக்டர் குடையை விரித்துக்கொண்டு வருவதற்குள் தெருக்கோடியைத் தாண்டிவிட்டாள். பச்சையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். ராமாயி களிமண் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். அதை அவள் எப்போது தயார் செய்து வைத்தாள் என்று யாருக்கும் தெரியாது.

குளத்தங்கரையில் ஊர் கூடியிருந்தது. சிங்காரவேலு குளித்து, புது வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு மடையில் நின்றார். அவர் மனைவி கனகாம்பாள் கற்பூரத் தட்டுக்கு முறத்தைக் குடையாகப் பிடித்திருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் அப்போதுதான் வளைவு திரும்பி வந்துகொண்டிருந்தது. அது மடையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு தனக்கொடி வாய்க்காலுக்குள் குதித்தாள். பலகையைச் சொருகி, அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். ராமாயி களிமண்ணை அள்ளி அள்ளிக் கொடுத்தாள்.

சிங்காரவேலுவுக்கு முதலில் நினைவு வந்தது பின்னால் வந்துகொண்டிருந்த குடை.

"அக்கா, படு அக்கா," என்றார் தாழ்ந்த குரலில். "டாக்டர் வராரு."

"பாத்துட்டாரு. போ."

"அரிசி போயிடும்."

"போவட்டும்."

அக்கா அதோடு தீர்ந்தது. நொண்டி என்று எழுதிக்கொடுத்து அரிசி வாங்கித் தின்றுவிட்டு ஊர்ப் பூசையில் குதிக்கிறாயா, இவளை இழுத்துப் போடுங்கள் என்று அவர் சத்தமிட்டார். இரண்டு பேர் இறங்கினார்கள். ராமாயி கூடையோடு குறுக்கே நின்றாள். போன ஆண்டு அவள் புருஷனைக் குடிக்கவைத்தவர்களில் அந்த இரண்டு பேரும் உண்டு. இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

தண்ணீர் பலகையில் மோதி உயர்ந்தது. தனக்கொடியின் இடுப்பு வரை வந்தது. பிறகு எதிர்க்கரையில் அவள் முந்தைய ஆண்டுகளில் வெட்டிய உடைப்பைக் கண்டுபிடித்துக் கரும்புக் கொல்லைப் பக்கம் திரும்பியது. அவள் பக்கத்தில் இருந்த பூசைக் குடத்தை எடுத்தாள். ஓடுகிற தண்ணீரில் அமுக்கி மொண்டு, சிங்காரவேலுவிடம் நீட்டினாள்.

"போன வருசம் நடேசன் குடிச்சான். இந்த வருசம் நீ குடிக்கறதா ஊர் முன்னால சொல்லிக்கிற. குடி. நீ குடிச்சதும் நானே பலகைய எடுக்கறேன்."

அவள் கேட்டது வழக்கப்படிதான். பூசை என்றால் நாட்டாமை குடிக்கவேண்டும். அவர் குடிக்கத்தான் வந்திருந்தார். கையில் அள்ளும்போது தண்ணீரின் நிறம் தெரிவதில்லை. பளபளவென்று புளி போட்டுத் தேய்த்த குடத்தில் நன்றாகத் தெரிந்தது. பழுப்பு நிறம், விளிம்பில் சாய நீலம். மேலே வைக்கோல் துணுக்கும் நுரையும் மிதந்தன. வாடை மழையிலும் அடங்கவில்லை.

சிங்காரவேலு தப்பிக்கப் பார்க்கிறவர் இல்லை என்று முன்னமே சொன்னேன். குடத்தை வாங்கினார். எல்லையம்மனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குடம் வாய்க்குப் போனது.

"இந்தாங்க, வாணாம்," என்றாள் கனகாம்பாள்.

அவள் ஊர் முன்னால் பேசி யாரும் கேட்டதில்லை. முறத்தைத் தாழ்த்திக்கொண்டு, புருஷன் முகத்தைப் பார்க்காமல், குடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அது நம்ம கொட்டாய் தண்ணிங்க. காலைல நாந்தான் கழுவிக் குழியில தள்ளினேன். கன்னு போட்ட மாட்டோடது எல்லாம் அதுலதான் கெடக்குது."

மேளக்காரர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. முறம் தாழ்ந்ததால் கற்பூரம் நனைந்து அணைந்திருந்தது. சிங்காரவேலு குடத்தைக் கீழே வைத்தார். சுற்றிப் பார்த்தார். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் தீர்ப்புச் சொன்னார்:

"மழ போதல. இன்னிக்கு வாணாம்."

ஊர் அதை உடனே ஒப்புக்கொண்டது. ஆமாம், மழை போதாது என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் நனைந்தபடி வீட்டுக்குப் போனார்கள். இரண்டாம் மழையும் போதவில்லை. மூன்றாம் மழைக்கு மேளம் அடித்தார்கள், தனக்கொடி பலகையை எடுத்தாள், சிங்காரவேலு ஒரு கை அள்ளிக் குடித்தார். அதற்குள் கனகாம்பாள் ஆள் வைத்து எருக்குழியைக் கரும்புக் கொல்லையின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிவிட்டாள். அது அவள் புருஷனைக் கேட்டுச் செய்ததா என்பது அந்த வீட்டு விஷயம்.

டாக்டர் சவரிநாதன் அன்று மடைக்கரையில் குடையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பூசைக் குடத்திலிருந்து ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். நோய் இதனால்தான் வந்தது என்று அவர் சொல்லவில்லை. கிணற்றாலும் வந்திருக்கலாம், ஈயாலும் வந்திருக்கலாம், எதற்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றார். கொதிக்கவைக்க எரிப்பதற்கு என்ன செய்வது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதற்கு, வறட்டி நம்மிடம் கிடைக்கும் என்று வாய்க்காலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

பிறகு அவர் பட்டியலை எடுத்தார். இருந்ததை அடித்துவிட்டு, எழுந்து நிற்க இயலும், நடக்க இயலும், ஓடவும் இயலும் என்று எழுதினார். அவளிடமும் அதைச் சொன்னார். எழுதாமல் இருக்க முடியாது, என் கண்ணால் பார்த்துவிட்டேன் என்று வருத்தமாகத்தான் சொன்னார். தனக்கொடி கோபப்படவில்லை. முதலில் எழுதினவன் பார்க்காமல் எழுதினான், நீங்களாவது பார்த்து எழுதுகிறீர்கள் என்றாள். அந்த வாரத்தோடு அரிசி நின்றது. பச்சையப்பனுக்கு ஒரு நடை மிச்சம்.

அந்த மழைக்காலம் அவளுக்குக் கஷ்டமாகவே இருந்தது. ஒரு வேளை ராமாயி வீட்டில், ஒரு வேளை இல்லாமல். தையில் கரும்பு வெட்டுக்கு ஆள் தேவைப்பட்டபோது சிங்காரவேலுவின் கொல்லையில் கரும்பின் காய்ந்த சோகை இலையை உரிக்கப் போனாள். தான் பாய்ச்சிய தண்ணீரில் தடித்த கரும்பைத் தொட்டுப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வேலை செய்தாளாம். அவர் காதில் விழுந்தும் அவளை நிறுத்தவில்லை. கனகாம்பாள் கொட்டகைச் சாணியை அவளுக்கே விட்டுவிட்டாள். பகை தீர்ந்தது என்று சொல்ல முடியாது. அவர் ஏய், இந்தா என்பதற்கே திரும்பியிருந்தார். அக்கா என்று கூப்பிட்டால் எங்கேயோ குழி தோண்டுகிறான் என்று அர்த்தம், இதுதான் நல்லது என்றாள் அவள்.

அதற்குப்பின் அவள் சாகும்வரை, 1943 வரை, முதல் இரண்டு மழைக்கும் மடைக்கு அவள்தான் போனாள். அந்த ஆண்டுகளிலும் ஊரில் வாந்திபேதி ஒன்றிரண்டு முறை எட்டிப் பார்த்தது; நடேசன் போன ஆண்டைப்போல வீட்டுக்கு வீடு ஏறவில்லை. மடையால்தான் என்று டாக்டர் சொல்லாததை நானும் சொல்ல முடியாது. கொதித்த தண்ணீருக்கும் பங்கு இருக்கலாம், எருக்குழி நகர்ந்ததற்கும் இருக்கலாம். இரண்டும் அதே பிற்பகலில் அதே வாய்க்காலில் தொடங்கியவைதான். கடைசி ஆண்டுகளில் கொம்யூன் செலவில் மடை செங்கல் கட்டடமானது. பலகை இறக்க இரண்டு பக்கமும் பள்ளம், கொல்லைப் பக்கம் கழிவுநீர் திருப்ப ஒரு தனி வாய், மேலே ஒரு கல். கல்லில் யார் உத்தரவு, யார் மேற்பார்வை, எந்த ஆண்டு என்று இரண்டு மொழியில் இருந்தது. அதில் இருக்கும் பெயர்கள் எல்லாம் மரியாதைக்குரியவை. அவர்களில் ஒருவரும் மழையில் நனைந்ததில்லை.

தனக்கொடி செய்தது இது. கோடை கழிந்து பெய்யும் முதல் இரண்டு மழையின் தண்ணீரையும் அவள் ஊர்க் குளத்துக்குள் விடவில்லை. மூன்றாம் மழைக்குத் திறந்துவிட்டாள்.